காலை ஆறு மணி, ஆலங்கேணி ஏரி

பீமவரம், ஆந்திரா
11 பிப்ரவரி 2024

உதயா,

என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். உன் அக்காவும் அப்படியே. கட்டிய பெண்டாட்டியும் பேசவில்லை, மச்சினியும் பேசவில்லை என்றால் மனுஷன் தபால் ஆபீசுக்குத்தான் போகவேண்டும். உன் ஆய்வகத்து விலாசத்துக்கே அனுப்புகிறேன். கவர் மேல் 'ஜெயவேல்' என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். ஏரியில் விஷம் வைத்தவன் என்று பத்திரிகையிலேயே வந்த பேர், இனி ஒளிக்க என்ன இருக்கிறது.

பயப்படாதே, உதவி கேட்டு எழுதவில்லை. இங்கே மீன் வளர்க்கும் குட்டைகளில் வேலை கிடைத்துவிட்டது. கூடவே நம் ராயபுரத்துக்காரர் காலித் பாய் இருக்கிறார். தண்ணீரை அடித்து அடித்துக் காற்றைக் கலக்குகிற சக்கரங்கள் இங்கே குட்டைக்குக் குட்டை உண்டு. அவற்றுக்கு அவர்தான் மெக்கானிக். வந்த புதிதில் அவரிடம் கேட்டேன், "இன்னா பாய், பகல்ல சும்மா வுட்டுட்டு விடிகாலைல ஓட்றீங்கோ?" என்று.

"பகல்ல வெயில் பட்டா பச்சைத் தண்ணி தானா காத்தை உண்டாக்கிக்கும் மாமு. பொழுது சாஞ்சா அதே பச்சை, கீற காத்தையெல்லாம் தின்னுடும். விடியறதுக்கு முன்னால மீனு மூச்சு முட்டி மேல வரும். பெருசுங்கதான் மொதல்ல சாவும், பொடிசு தாங்கும்" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. போன செப்டம்பர் பதினான்காம் தேதி ஆலங்கேணி ஏரியில் மிதந்தது எல்லாம் பெரிய கட்லா, பெரிய ரோகு. குஞ்சு ஒன்றுகூட மிதக்கவில்லை. மறுநாளே மீன் விற்கிற அங்கம்மா அதே ஏரியில் உயிரோடு விரால் பிடித்தாள். விரால் மேலே வந்து வாயால் காற்றைக் குடிக்கிற மீன். விஷம் என்றால் அதுவும் செத்திருக்க வேண்டாமா? மீனவர் சங்கத்தில் இத்தனை பேர் இருக்கிறோம், ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை பார்.

வக்கீலிடம் சொன்னேன். குற்றப்பத்திரிகை நகலை அனுப்பினார். அதில் உன் அறிக்கை இருக்கிறது. 'ஆலங்கேணி ஏரி. காலை 6 மணி. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 13.6 மில்லிகிராம். மீன்கள் இறந்ததற்கு ஆக்சிஜன் குறைவு காரணமல்ல.' கீழே உன் கையெழுத்து. சங்கத் தலைவர் தேசப்பனோடு சண்டை போட்டு, "உன் மீனெல்லாம் செத்து மெதக்கப் போவுது பாரு" என்று நான் வாயை விட்டது தப்புதான். ஆனால் வெறும் வாய்ச்சண்டைக்கு யாரையும் புழல் ஜெயிலில் போடமாட்டார்கள். பத்தொன்பது நாள் என்னை அங்கே உட்கார வைத்தது உன்னுடைய அந்த ஒரு வரி.

காலை ஆறு மணிக்கு நான் அந்தக் கரையில் இருந்தேன். நீ இல்லை. உங்கள் ஜீப்பும் இல்லை. எத்தனை மணிக்கு வந்து தண்ணீர் எடுத்தாய்? அதை மட்டும் எழுது.

ஜெயவேல்


திருவொற்றியூர்
20 பிப்ரவரி 2024

மாமா,

கவரில் உங்கள் பெயரைப் போட்டு ஆய்வகத்துக்கு எழுதாதீர்கள். வழக்கு நடக்கும்போது நான் உங்களோடு கடிதம் எழுதிக்கொள்ளவே கூடாது. வீட்டுக்கும் எழுத வேண்டாம். அக்கா வியாசர்பாடி வீட்டைப் பூட்டிவிட்டு இப்போது என்னோடுதான் இருக்கிறாள்.

அந்த அளவு சரியான அளவு. குப்பியில் ஏரித் தண்ணீரை நிரப்பி இரண்டு மருந்து விட்டால், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும். நிறைய இருந்தால் கெட்டிப் பழுப்பு, இல்லவே இல்லையென்றால் வெள்ளை. அன்றைக்குப் படிந்தது கெட்டிப் பழுப்பு. யார் செய்திருந்தாலும் அதே எண்தான் வந்திருக்கும். நான் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபமும் இல்லை.

அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை.

உதயா


பீமவரம்
27 பிப்ரவரி 2024

உதயா,

அளவு சரியா என்று நான் கேட்கவில்லை. மணி என்ன என்று கேட்டேன்.

இங்கே ஒரே குட்டையில் காலை ஐந்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் மீட்டரை விடுகிறார்கள். காலையில் இரண்டு காட்டுகிறது, மதியம் பன்னிரண்டு. என் கண்ணால் பார்த்தேன். பத்தாவது படித்த எனக்கே புரிகிறது. எம்.எஸ்ஸி. படித்த உனக்கு நான் பாடம் நடத்த வேண்டுமா?

ஏப்ரல் 16 வாய்தா. கோர்ட்டு என்ன சொன்னாலும் சொல்லட்டும். உன் அக்கா பூவம்மாவிடம் நீ என்ன சொன்னாய்? ஜாமீனில் வந்து நான் படியேறிய அன்றைக்கு, அவள் சொம்புத் தண்ணீரை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஜெயவேல்


திருவொற்றியூர்
10 மார்ச் 2024

மாமா,

மதியம் ஒன்று நாற்பது.

இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. எழுதிவிட்டேன், இனி மீதியையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆய்வகத்துக்கு ஒரே ஜீப். காலையில் அது மணலித் தொழிற்சாலைகளுக்குக் கழிவுநீர் எடுக்கப் போகும். திரும்பும் வழியில்தான் ஆலங்கேணி. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஏரித் தண்ணீர் எடுப்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். ஆனால் ஏரிக்கான படிவத்தில் 'காலை 6 மணி' என்று முன்பே அச்சடித்திருக்கும், ஏனென்றால் விதிப்படி அப்போதுதான் எடுக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் அதை அடித்துத் திருத்தியதில்லை. நானும் திருத்தியதில்லை. மாதாமாதம் அப்படியே போயிற்று, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கும் அப்படியே கையெழுத்துப் போட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அது பொய். இந்த வெப்பத்தில் தண்ணீர் காற்றிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் எட்டுக்குள்தான் இருக்கும். 13.6 என்றால் மீதியைப் பாசி உண்டாக்கியிருக்கிறது. பகலில் அத்தனை உண்டாக்குகிற பாசி, இருட்டில் அத்தனையையும் செலவழிக்கும். இது எங்களுக்கு முதலாம் ஆண்டுப் பாடம், நான் முழு மதிப்பெண் வாங்கிய பாடம். அந்த எண்ணைப் பார்த்ததும், அப்படியானால் விடியற்காலையில் என்ன இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்து, அங்கேயே நிறுத்திக்கொண்டேன். மணியை மாற்றினால் மூன்று வருஷப் படிவங்களையும் மாற்ற வேண்டியிருக்கும் என்ற பயம்.

அன்று மாலை அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உதயா, நீ படிச்சவ. அவுரு செஞ்சிருப்பாராடி?" என்று கேட்டாள். "தண்ணில ஆக்சிஜன் நெறைய கீதுக்கா. வேற எதையோ போட்டுத்தான் செத்துருக்கணும்" என்றேன். அவள் போலீஸ் சொன்னதை நம்பவில்லை, தேசப்பன் சொன்னதையும் நம்பவில்லை. நான் சொன்னதைத்தான் நம்பினாள்.

போன வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு முதல் ஆட்டோவில் ஏரிக்குப் போனேன். காலை ஐந்து இருபதுக்கு 2.8. மதியம் ஒன்று நாற்பதுக்கு 12.9. இரண்டு குப்பிகளில் தண்ணீரை நிரப்பி, ஒன்றை அப்படியேயும் மற்றொன்றைக் கறுப்புத் துணி சுற்றியும் ஏரிக்குள் தொங்கவிட்டேன். வெளிச்சம் பட்ட குப்பியில் ஆக்சிஜன் ஏறியது. கறுப்புத் துணிக் குப்பியில் இறங்கியது. அங்கம்மா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, விடிஞ்சும் விடியாம வந்து தண்ணி மொண்டுகினு கீற?" என்று கேட்டார். ஏரி மீன் போனபிறகு அவர் மீன் விற்பதை விட்டுவிட்டு மணலியில் ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறார்.

நடந்ததை மேலதிகாரிக்கும் கோர்ட்டுக்கும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது, மாமா. 2.8 குறைவுதான், ஆனாலும் மீன் தாங்கும். அத்தனை மீனும் சாக வேண்டுமென்றால் அன்றைக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் போயிருக்க வேண்டும். மூன்று நாள் மேகமூட்டம் இருந்து, அன்று காலையில்தான் வெயில் வந்தது, சரி. அதற்கும் மேல் ஏரியில் ஏதாவது கலந்ததா? உங்களைவிட அந்தத் தண்ணீரைத் தெரிந்தவர் யாருமில்லை. பதிலை ஆய்வகத்துக்கே எழுதுங்கள், கவரில் பெயர் வேண்டாம்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

உதயா


பீமவரம்
18 மார்ச் 2024

உதயா,

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன்.

நீ அவசரப்படாதே. எழுதிக் கொடுத்தால் உன் வேலை போகும். அப்பா இறந்தபிறகு உன்னைப் படிக்கவைக்க உன் அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் எத்தனை வருஷம் துணி தைத்தாள் என்று எனக்குத் தெரியும். அங்கம்மா பிடித்த விராலையும் பெரிய மீன் மட்டும் செத்ததையும் வைத்தே வாதாடலாம் என்று வக்கீல் சொல்கிறார். நேரத்தைப் பற்றி யாராவது கேட்டால் அப்போது சொல்லிக்கொள்.

இன்னொன்று கேட்டிருந்தாய். ஏரியில் கலக்காதது என்ன இருக்கிறது? சாக்கடை வருகிறது, மழைத்தண்ணீரோடு ரோட்டு எண்ணெய் வருகிறது. மூன்று நாள் மேகம் போதாதா? அதையெல்லாம் இப்போது நோண்டி என்ன ஆகப்போகிறது.

கொடுக்காதே என்று சொல்லவில்லை. யோசி என்கிறேன்.

ஜெயவேல்


திருவொற்றியூர்
2 ஏப்ரல் 2024

மாமா,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். வந்திருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மேலதிகாரி படித்துவிட்டு, "உன்னை இப்ப யாரும்மா கேட்டாங்க?" என்றார். அவ்வளவுதான். நான்காவது நாள் இடைநீக்க உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை ஆய்வகத்துக்குள் காலை வைக்கக் கூடாது. உங்கள் கடிதத்தைக்கூட வாட்ச்மேன்தான் கொண்டுவந்து கொடுத்தார். இனி வீட்டுக்கே எழுதுங்கள், இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறேன்.

அக்காவிடம் முதலில் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அந்த மன்ஷன் வாசல்ல நின்னாரு, நான் உள்ள போய்ட்டேன்டி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மறுநாள் பேருந்து பிடித்து வியாசர்பாடிக்குப் போய் வீட்டைத் திறந்து கழுவிவிட்டு வந்தாள். ஏப்ரல் பதினான்கு அம்பேத்கர் பிறந்தநாளுக்கு நீங்கள் வந்துவிட வேண்டும், ஊர்வலத்தில் அவளோடு நடக்க வேண்டும் என்கிறாள். உங்களுக்கு நீலச் சட்டை எடுத்து வைத்திருக்கிறாள்.

தேசப்பன் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார். "இன்னாம்மா இது, ஒரு நல்ல மன்ஷன இப்டி பேஜார் பண்ட்டமே" என்றார். பதினைந்தாம் தேதி சாயங்காலம் ஏரிக்கரைக் கொட்டகையில் சங்கக் கூட்டம். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை உங்களுக்கே திரும்பக் கொடுப்பதாகத் தீர்மானம் போடப் போகிறார்கள். மோட்டார் ரூம் சாவியை உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று முதலில் சொன்னது அங்கம்மா.

எந்த ரயில் என்று எழுதுங்கள். அக்கா ஸ்டேஷனுக்கு வருவாளாம்.

உதயா


பீமவரம்
7 ஏப்ரல் 2024

உதயா,

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

நான் விஷம் வைக்கவில்லை. சாப்பாடு வைத்தேன். எட்டு மூட்டை கோழி எரு.

வாரம் ஒரு மூட்டை என்பது நம் சங்கத்து வழக்கம். எருவால் தண்ணீர் பச்சையாகும், அந்தப் பச்சையில்தான் மீன் வளரும். பன்னிரண்டு வருஷமாக அந்த ஏரியின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். செப்டம்பர் முதல் வாரக் கூட்டத்தில், "மீன் வளரவேயில்ல, இவன் சோம்பேறி" என்று எல்லார் எதிரிலும் தேசப்பன் சொன்னான். மோட்டார் ரூம் சாவியை அடுத்த வாரக் கடைசியில் புது ஆளிடம் கொடுக்கச் சொன்னான். இருபதாம் தேதி வலை போடுவதாக இருந்தது. வலையில் வருகிற மீனைப் பார்த்து அவன் வாயடைத்துப் போக வேண்டும் என்று நினைத்தேன். எட்டு வாரத்துக்கானதை ஒரே சாயங்காலத்தில் கொட்டினேன். ஒரு வாரத்தில் ஏரி பச்சைப் பெயின்ட் மாதிரி ஆயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு மேகம் போட்டது.

காலித் பாய் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். "மேகம் போட்டா எருவு பக்கமே போவக்கூடாது மாமு" என்றார். சோறு இறங்காமல் போனது அதனால்தான். அந்த வரியை உனக்கு எழுதாமல் விட்டுவிட்டேன். உன்னிடம் மணி கேட்டு மிரட்டியபோதே எனக்கு எல்லாம் தெரியும். யோசி என்று எழுதியதும் உன் வேலைக்காக இல்லை. நீ நோண்டினால் என்னிடம் வந்து நிற்கும் என்று பயந்தேன். நீ வேலையை விட்டாய், நான் வாயைத் திறக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. காலை ஆறு மணிக்குக் கரையில் இருந்தேன் என்று எழுதினேனே, நான் வந்தது நாலரைக்கு. மீன் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று பார்க்க வந்தேன். ஏரி முழுக்க மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உயிரோடுதான் நின்றது, உதயா. சாவியை நான் இன்னும் கொடுக்கவில்லை, இடுப்பில்தான் இருந்தது. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மேலேயிருந்து கொட்டவிட்டிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். மோட்டார் சத்தம் கேட்டால் ஆள் வரும். காலிச் சாக்குகள் எட்டும் கருவேலம் புதரில் கிடந்தன. முதலில் அவற்றைப் பொறுக்கினேன். பொறுக்கிச் சுருட்டி சைக்கிளில் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

அந்தச் சாவியை என் கையில் கொடுக்கப் போகிறார்களா? நான் வரவில்லை. வாய்தாவுக்கு மட்டும் வந்து, அப்படியே திரும்பிவிடுகிறேன். பூவம்மாவிடம் ஏதாவது சொல்லிக்கொள்.

ஜெயவேல்


திருவொற்றியூர்
11 ஏப்ரல் 2024

மாமா,

உடனே கிடைக்க வேண்டும் என்று இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். பூவம்மா அக்காவிடம் ஏதாவது சொல்ல எனக்கு வழியில்லை. தபால்காரர் நேற்று கவரை அவளிடம்தான் கொடுத்தார். ரயில் விவரம் என்று நினைத்து வாசலிலேயே பிரித்துவிட்டாள். நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய், இஸ்திரி போட்டு வைத்திருந்த நீலச் சட்டையைக் கடைப் பைக்குள் திரும்ப வைத்தாள். பிறகு வந்து இதைத்தான் சொன்னாள்:

"அவுரு வரட்டும். ஏரிக்கரைல நின்னு, எல்லார் எதிர்லயும் அவுரு வாயாலயே சொல்லட்டும். அப்பால வூட்டுக்கு வரலாமா வாணாமான்னு நான் சொல்றேன்."

எனக்கும் உங்கள் மேல் கோபம் வந்தது. நேற்று முழுக்க வந்தது. என் வேலையை வைத்து உங்கள் பேரைக் கழுவிக்கொண்டீர்கள் என்று கத்தினேன். ஆனால் படிவத்தில் மணியைத் திருத்தப் பயந்து ஆறு மாதம் சும்மா இருந்தவள் நான். உங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது. உங்களுக்காகப் பொய் சொல்லவும் இனி ஆகாது.

வக்கீலிடம் கேட்டேன். எரு போடுவது சங்கமே செய்கிற வேலை, அளவு கூடிப்போனதற்குக் கிரிமினல் தண்டனை கிடையாது, விஷம் இல்லை என்று ஆனால் பதினாறாம் தேதியே வழக்கு நிற்காது என்கிறார். ஆகவே கோர்ட்டுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. எட்டு மூட்டையைப் பற்றி அங்கே யாரும் கேட்கப் போவதும் இல்லை. நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

உங்கள் கடிதத்தைத் தேசப்பனிடம் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அக்கா கூடாது என்றுவிட்டாள். நான் சொன்னால் அது ஒரு அறிக்கை, நீங்கள் சொன்னால்தான் அது நீங்கள் சொன்னது என்கிறாள்.

அங்கம்மா இன்று காலையும் வந்தார். நாலு நாளாக வேலைக்குப் போகும் வழியில் தினமும் வந்து, "இன்னா ட்ரெயின்ல வர்றாரும்மா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். உங்களைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு உங்கள் முகத்தில் துப்பியவர் அவர். "அந்த மூஞ்சில துப்பிட்டேனேம்மா. கூட்டத்துல அவுரு கால்ல வுழுந்தாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்கிறார். நான் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. இன்று கேன்டீனில் பதினைந்தாம் தேதிக்கு லீவு சொல்லிவிட்டாராம். கூட்டம் ஆறு மணிக்கு. அவர் நாலு மணிக்கே வந்து முன்னால் உட்கார்ந்துகொள்வார்.

அவர் எழுந்து உங்களிடம் வருவதற்குள் நீங்கள் சொல்லிவிட வேண்டும், மாமா.

உதயா